காதல் கதையில் ஒரு பேர் தெரியாத பிணம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் மூன்று நாவல்களின் முடிவும் வரும். கெய்கோ ஹிகாஷினோவின் ‘தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்’, டாஃப்னி டு மோரியேவின் ‘ரெபெக்கா’, டோரதி சேயர்ஸின் ‘காடி நைட்’. மூன்றும் மர்ம நாவல்கள், மூன்றும் காதல் நாவல்கள். முடிவு தெரிந்தால் சுவாரஸ்யம் போய்விடும் என்பவர்கள் படித்துவிட்டு வாருங்கள். கட்டுரை இங்கேயேதான் இருக்கும்.

எங்கள் வீட்டில் புத்தகங்கள் இரண்டு அடுக்காக இருந்தன. அம்மாவின் அடுக்கில் ரமணிசந்திரன். அப்பாவின் அடுக்கில் ராஜேஷ்குமார், எல்லாம் பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கிய மாத நாவல்கள், பாதிக்கு மேல் அட்டை கிழிந்தவை. “எப்பப் பாரு வெட்டு, குத்து” என்று அம்மா அந்தப் பக்கம் போகமாட்டாள். “எப்படியும் கடைசில கல்யாணம்தானே, அதுக்கு எதுக்கு இருநூறு பக்கம்?” என்று அப்பா இந்தப் பக்கம் வரமாட்டார். நான் இரண்டு அடுக்கிலும் மேய்ந்தவள். கல்லூரிக்குப் போய், ‘தீவிர இலக்கியம்’ என்று ஒன்று இருப்பது தெரிந்த பிறகு, இரண்டு அடுக்கையுமே மறைக்கக் கற்றுக்கொண்டேன். என்ன படிக்கிறாய் என்று யாராவது கேட்டால் ஏதாவது ஒரு ரஷ்யப் பெயரைச் சொல்வேன்.

இப்போது அந்த வெட்கம் போய்விட்டது. சமீபத்தில் ஒரு மூன்று மாதம் காதலும் கொலையும் கலந்த நாவல்களாகவே தேடிப்பிடித்துப் படித்தேன். அம்மா அடுக்கும் அப்பா அடுக்கும் ஒரே அட்டைக்குள் இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு ஆசை. படித்ததில் பல, முடித்த மறுநாளே மறந்துபோயின. மேலே சொன்ன மூன்றும் மறக்கவில்லை. அவற்றில் ஒன்று என்னைப் பற்றி எனக்குப் பிடிக்காத ஒரு விஷயத்தைக் காட்டியது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1

‘சஸ்பெக்ட் எக்ஸ்’ ஜப்பானில் 2005-இல் புத்தகமாக வந்தது. அந்த நாட்டின் பெரிய விருதுகளில் ஒன்றான நவோகி பரிசைப் பெற்றது. ஆங்கிலத்தில் 2011-இல் வெளியானது. நான் படித்ததும் ஆங்கிலத்தில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் முடித்தேன். கடைசிப் பக்கத்தில் நன்றாகவே அழுதேன். அந்த வேகத்தோடு எழுந்து போய், கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து முழுக் கதையையும் சொன்னேன்.

டோக்கியோவில் ஒரு கணக்கு வாத்தியார், பெயர் இஷிகாமி. கணிதத்தில் மேதை. ஆனால் வாழ்க்கை அவரை ஒரு சாதாரணப் பள்ளியில், கணக்கைக் கண்டாலே ஓடுகிற பிள்ளைகள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. பக்கத்து வீட்டில் யாசுகோ என்ற பெண், மகள் மிசாட்டோவோடு குடியிருக்கிறாள். மதியச் சாப்பாடு கட்டிக்கொடுக்கும் ஒரு சின்னக் கடையில் அவளுக்கு வேலை. அவளைப் பார்ப்பதற்காகவே இஷிகாமி அங்கே சாப்பாடு வாங்கப் போவார். ஒருநாள் யாசுகோவின் முன்னாள் கணவன் டோகாஷி தேடிவந்து தொல்லை கொடுக்கிறான். கைகலப்பில் தாயும் மகளும் அவனைக் கொன்றுவிடுகிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்ட இஷிகாமி வந்து கதவைத் தட்டுகிறார். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார்.

ஆக, யார் கொன்றது என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். தெரியாதது வேறு. ஆற்றங்கரையில் முகம் சிதைந்த பிணம் கிடைக்கிறது. போலீஸ் யாசுகோவைச் சந்தேகப்படுகிறது. ஆனால் கொலை நடந்ததாகச் சொல்லப்படும் இரவில் அவளும் மகளும் சினிமாவுக்குப் போனதை யாராலும் பொய்யென்று நிரூபிக்க முடியவில்லை. ஏன்?

கடைசியில்தான் விடை. அவர்கள் அந்த இரவு நிஜமாகவே சினிமாவுக்குத்தான் போனார்கள். டோகாஷி செத்தது அதற்கு முந்தைய இரவு. போலீஸிடம் இருக்கும் பிணம் அவனுடையதே இல்லை. மறுநாள் இஷிகாமி வீடற்ற ஒருவரைக் கொன்று, முகத்தைச் சிதைத்து, விரல் ரேகையை எரித்து, இதுதான் டோகாஷி என்று நம்பவைத்திருக்கிறார். பிறகு அந்தக் கொலையைத் தன்மேல் போட்டுக்கொண்டு சரணடைகிறார். இத்தனைக்கும் அவர் யாசுகோவிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. முன்பொரு நாள் தூக்குப் போட்டுக்கொள்ளத் தயாரானபோது அழைப்புமணி அடித்தது. புதிதாகக் குடிவந்த தாயும் மகளும் வணக்கம் சொல்ல வந்திருந்தார்கள். அந்த ஒரு கணத்துக்கான நன்றிதான் இவ்வளவும்.

“எப்பேர்ப்பட்ட மனுஷன் பாத்தியாம்மா?” என்றேன். தொண்டை அடைத்திருந்தது.

அம்மா ஒரு காயை ஒடித்தாள். “அதெல்லாம் சரிடி. செத்தானே, ஆத்தங்கரையில இருந்தவன், அவன் பேரு என்ன?”

“பேரு இல்லம்மா. இன்ஜினியர்னு ஒரு பட்டப்பேர் மட்டும் வரும்.”

“அவனத் தேடி யாருமே வரலயா?”

“கதைல அது இல்லம்மா.”

“பாவம்” என்றாள். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இவ்வளவு பெரிய காதலைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அம்மா எங்கேயோ ஓரத்தில் நின்று என்னவோ கேட்கிறாளே என்று. அறைக்கு வந்து நாவலின் முதல் அத்தியாயத்தை மறுபடி திறந்தேன். அவர் அங்கேயே இருந்தார். இஷிகாமி வேலைக்கு நடந்துபோகும்போது சுமிதா ஆற்றங்கரையில் நீலத் தார்ப்பாய்க் குடில்களில் வாழும் மனிதர்களைப் பார்த்தபடி போகிறார். அவர்களில் ஒருவர் தெருவாழ்க்கைக்குப் புதியவர். இன்னும் முடி அவ்வளவாக வளரவில்லை. உட்கார்ந்து தொழில்துறைப் பத்திரிகை படிக்கிறார், வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை இன்னும் போகாதவர்போல. அதனால் இஷிகாமி மனதுக்குள் அவருக்கு வைத்த பெயர் இன்ஜினியர்.

நான் அந்தப் பகுதியை முதல்முறை படித்தபோது, இது இடத்தைக் காட்டுவதற்கான வர்ணனை என்று தாண்டிப்போயிருந்தேன். இஷிகாமியும் அவரை அப்படித்தான் பார்த்திருக்கிறார், காட்சியின் ஒரு பகுதியாக. ஹிகாஷினோவின் சாமர்த்தியம் அங்கேதான் இருக்கிறது. கொலையாகப் போகிறவரை நம் கண்ணெதிரே உட்காரவைத்துவிட்டு, நாம் பார்க்கமாட்டோம் என்று பந்தயம் கட்டுகிறார். ஜெயித்தும்விடுகிறார். முடிவு தெரிந்த பிறகும் நாம் பார்ப்பதில்லை என்பதுதான் எனக்கு உறைத்தது. கண்ணீர் முழுக்க இஷிகாமிக்கே போகிறது. வேலை போன ஒரு மனிதர், நாளைக்குச் சரியாகிவிடும் என்று பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர், அவருக்கு என்னிடம் ஒரு சொட்டுக்கூட மிச்சமில்லை.

நாவலைக் குறை சொல்வதா, என்னைக் குறை சொல்வதா? இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ என்று நினைக்கிறேன். துப்பறியும் இயற்பியலாளர் யுகாவா, உலகில் தேவையில்லாத பல்சக்கரம் என்று எதுவும் கிடையாது என்ற பொருளில் ஓரிடத்தில் பேசுகிறார். ஆசிரியருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் கடைசிக் காட்சி முழுவதும் இஷிகாமியின் கதறல்தான். அந்தச் சத்தத்தில் பல்சக்கரம் பற்றிய பேச்சு யார் காதில் விழும்?

இன்னொன்றும் உண்டு. யாசுகோவை யாரும் எதுவும் கேட்கவில்லை. தன் பொருட்டு இன்னொருவர் கொல்லப்பட்டது அவளுக்குக் கடைசிவரை தெரியாது. தெரியாமலே அதன் பலனில் வாழ்ந்திருக்கிறாள். அவளை மணக்க விரும்பும் குடோ என்ற மனிதரோடு சந்தோஷமாக இரு என்று இஷிகாமி கடிதம் எழுதிவைத்துவிட்டுப் போகிறார். அவளுடைய சந்தோஷத்தைக்கூட அவரே தீர்மானித்துவிடுகிறார். முதல் வாசிப்பில் இதைத் தியாகம் என்று படித்தேன். திரும்பப் படித்தபோது, ஒரு பெண்ணின் தலையில் அவளைக் கேட்காமலே ஏற்றிவைத்த கடன் என்று தோன்றியது. அவள் அந்தக் கடனோடு வாழ முடியாமல்தான் கடைசியில் போலீஸ் நிலையத்துக்கு ஓடி வருகிறாள். நாவலில் அவள் தானாக எடுக்கும் பெரிய முடிவு அது ஒன்றுதான்.

2

இந்தக் கேள்வியோடு ‘ரெபெக்கா’வுக்குப் போனேன். 1938-இல் வந்த நாவல். ஏற்கெனவே கல்லூரியில் ஒருமுறை படித்திருந்தேன். அப்போது நினைவில் நின்றவை, கடலோரத்தில் மாண்டர்லி என்ற பெரிய மாளிகை, பயமுறுத்தும் மிஸஸ் டான்வர்ஸ், பெயரே சொல்லப்படாத கதாநாயகி.

அந்தப் பெண் மாண்டி கார்லோவில் ஒரு பணக்காரக் கிழவிக்குத் துணையாளாக இருக்கிறாள். அங்கே மாக்ஸிம் டி விண்டரைச் சந்தித்துக் கல்யாணம் செய்துகொள்கிறாள். அவருடைய முதல் மனைவி ரெபெக்கா கடலில் மூழ்கி இறந்துவிட்டவள். ஆனால் மாண்டர்லி வீட்டில் எங்கே திரும்பினாலும் ரெபெக்காதான். அவள் உட்கார்ந்த மேசை, அவள் கையெழுத்து, அவள் போட்ட மெனு. புதுப் பெண்ணுக்கு ஒரே ஒரு கவலை. இவர் இன்னும் அவளைத்தானே நேசிக்கிறார்?

பிறகு கடலுக்கடியில் ரெபெக்காவின் படகு கிடைக்கிறது. உள்ளே எலும்புக்கூடு. மாக்ஸிம் மனைவியிடம் உண்மையைச் சொல்கிறார். ரெபெக்கா மூழ்கவில்லை, நான்தான் சுட்டேன், நான் அவளை வெறுத்தேன்.

ஒரு பெண் தன் கணவன் கொலைகாரன் என்று தெரிந்துகொள்ளும் இடம் இது. அவள் மனம் பிடித்துக்கொள்வது எதை? அவர் ரெபெக்காவை நேசிக்கவே இல்லை என்பதை! அவளுக்கு நிம்மதி. அந்த இடத்தில் எனக்கும் நிம்மதி வந்தது. இரண்டாவது வாசிப்பிலும் வந்தது, அதுதான் கொடுமை. முந்நூறு பக்கமாக அந்தப் பெண்ணின் பொறாமைக்குள்ளேயே நம்மை உட்காரவைத்துவிட்டதால், கொலை ஒரு நல்ல செய்திபோல வந்து சேர்கிறது. அதற்குப் பிறகு விசாரணையில் மாக்ஸிம் மாட்டிக்கொள்வாரோ என்று நகத்தைக் கடித்துக்கொண்டு படிக்கிறோம். மாட்டிக்கொள்ள வேண்டியவர் அவர்தானே என்ற எண்ணமே எழுவதில்லை. ரெபெக்கா எவ்வளவு கெட்டவள் என்பதில் பெரும்பகுதியும் அவளைச் சுட்டவரின் வாய்மொழியாகத்தான் நமக்குத் தெரியவருகிறது என்பதும் உறைப்பதில்லை.

1940-இல் ஹிட்ச்காக் இதைப் படமாக எடுத்தபோது அன்றைய ஹாலிவுட்டின் தணிக்கை விதி குறுக்கே வந்தது. மனைவியைக் கொன்றவன் தண்டனை இல்லாமல் தப்பிக்கக் கூடாது. அதனால் படத்தில் ரெபெக்கா தடுக்கி விழுந்து, தலையில் அடிபட்டு இறக்கிறாள். மாக்ஸிம் சுடுவதில்லை. அந்தப் படத்துக்குச் சிறந்த படத்துக்கான ஆஸ்கரும் கிடைத்தது. பொதுவாக நாம் தணிக்கையைக் கிண்டல் செய்வோம். நானும் செய்வேன். ஆனால் இங்கே தணிக்கைக்காரர்களுக்குக் கொலை கொலையாகத் தெரிந்திருக்கிறது. நாவலைப் படித்து மயங்கிய எனக்குத் தெரியவில்லை.

அம்மாவின் கேள்வி இல்லாவிட்டால் இன்னொன்றை நான் கவனித்திருக்கவே மாட்டேன். ரெபெக்கா காணாமல்போய் இரண்டு மாதம் போல் கழித்து, வேறோர் இடத்தில் ஒரு பெண்ணின் உடல் கரையொதுங்குகிறது. மாக்ஸிம் போய்ப் பார்த்து, இது என் மனைவிதான் என்று அடையாளம் காட்டுகிறார். குடும்பக் கல்லறையில் அடக்கமும் செய்கிறார்கள். இல்லை என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அப்படியென்றால் அந்தப் பெண் யார்? ஓரிரு வரிகளில் அந்தக் கேள்வி வந்துவிட்டுப் போகிறது, அவ்வளவுதான். யாரோ ஒருத்தி, யாரும் உரிமை கோராதவள். வேறெங்கோ ஒரு வீட்டில் அவளைத் தேடிக்கொண்டிருந்திருப்பார்கள். அவள் டி விண்டர் குடும்பக் கல்லறையில், இன்னொருத்தியின் பெயருக்குக் கீழே படுத்திருக்கிறாள்.

இங்கிலாந்தில் 1938, ஜப்பானில் 2005. இரண்டு நாவல்களிலும் காதலைக் காப்பாற்ற ஒரு பேர் தெரியாத பிணம் தேவைப்பட்டிருக்கிறது. ஒன்று கொன்று எடுத்தது, மற்றது கடல் கொடுத்தது. இரண்டையுமே நான் மறந்துவிட்டு, காதலர்களுக்காகக் கவலைப்பட்டேன்.

‘ரெபெக்கா’வுக்குப் பாட்டி முறையில் வருவது 1847-இல் வெளியான ‘ஜேன் ஐர்’. அதிலும் பெரிய வீடு, ரகசியம் உள்ள கணவன், முதல் மனைவி. மாடியில் அடைத்துவைக்கப்பட்ட பெர்த்தா, வீட்டுக்குத் தீ வைத்து, கூரையிலிருந்து குதித்துச் சாகிறாள். அதற்குப் பிறகுதான் ஜேனுக்குக் கல்யாணம். அந்தக் கல்யாணத்துக்கு என் பள்ளி வயதில் நான் சந்தோஷப்பட்டது நன்றாக நினைவிருக்கிறது. பெர்த்தாவின் பக்கத்துக் கதையை ‘வைட் சர்காஸோ ஸீ’ என்று ஜீன் ரீஸ் எழுதியது 1966-இல். கரீபியத் தீவான டொமினிக்காவில் பிறந்தவர் அவர். பெர்த்தாவும் கரீபியத்திலிருந்து கொண்டுவரப்பட்டவள். ஒரு காதல் கதை ஓரமாகத் தள்ளிய பிணத்தை இன்னொருவர் வந்து எடுக்க 119 வருஷம் ஆகியிருக்கிறது. அதுவும் அந்த ஊர்ப்பக்கத்துப் பெண் ஒருத்திதான் வரவேண்டியிருந்தது.

3

கதைதானே, இதற்குப் போய் இவ்வளவா என்று கேட்கலாம். கேட்கும் முன் நான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

நான் இளங்கலை படித்தபோது விடுதியில் என் பக்கத்து அறைப் பெண்ணை ஒருவன் விரும்பினான். அவளுக்கு விருப்பமில்லை, தெளிவாகச் சொல்லியும்விட்டாள். அவன் தினமும் இரவு விடுதி கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடைப் பக்கம் வந்து நின்றான். பதினோரு இரவு. அதில் இரண்டு இரவு நல்ல மழை. நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்ப்போம். “எவ்ளோ லவ் பண்றான் பாருடி”, “பாவம்டி, ஒரு தடவ போய்ப் பேசிட்டு வாயேன்”. இதைச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. மழையில் நின்ற இரவில் நான் கொஞ்சம் பொறாமைகூடப் பட்டேன், எனக்காக யாரும் இப்படி நிற்கவில்லையே என்று.

அவள் வெளியே போவதை நிறுத்தினாள். சாப்பாட்டுக்கு மெஸ்ஸுக்குக்கூட வரவில்லை. அந்த செமஸ்டர் முடியும் முன்பே ஊருக்குப் போய்விட்டாள், திரும்பி வரவில்லை. அவள் பயந்திருக்கிறாள் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்குத் தெரிந்த கதையில் மழையில் நிற்பவன்தான் நாயகன். ஜன்னலுக்குப் பின்னால் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவளுக்கு அந்தக் கதையில் ஒரே வேலைதான், கடைசியில் இறங்கி வருவது.

அந்தக் கதையை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? இரண்டு அடுக்குப் புத்தகங்களும், அதைவிடப் பலமடங்கு சினிமாவும். அதனால்தான் இந்த மாதிரி நாவல்களை ‘வெறும் பொழுதுபோக்கு’ என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. தீவிர இலக்கியம் நம்மிடம் வருவதற்குள், யாருக்காகக் கண்ணீர் விடுவது, யாரைத் தாண்டிப்போவது என்பதை இவை நமக்குப் பழக்கிவிடுகின்றன. விமர்சனம் எழுத வேண்டியது முதலில் இவற்றுக்குத்தான்.

4

இந்த மனநிலையில் ‘காடி நைட்’ கையில் கிடைத்தது என் அதிர்ஷ்டம். 1935-இல் வந்தது. எழுதிய டோரதி சேயர்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். 1920-இல் அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் கொடுக்கத் தொடங்கியபோது முதலில் பெற்றவர்களில் ஒருவர். நாவலும் ஆக்ஸ்ஃபோர்டில், ஷ்ரூஸ்பரி என்ற கற்பனையான பெண்கள் கல்லூரியில் நடக்கிறது.

நாயகி ஹாரியட் வேன் துப்பறியும் நாவல் எழுதுபவள். இந்த வரிசையின் முதல் நாவலான ‘ஸ்ட்ராங் பாய்சன்’ 1930-இல் வந்தது. அதில் முன்னாள் காதலனுக்கு ஆர்சனிக் வைத்துக் கொன்றாள் என்ற குற்றச்சாட்டில் ஹாரியட் தூக்குக்கயிறுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். துப்பறிபவரான லார்ட் பீட்டர் விம்ஸி அவளைக் காப்பாற்றுகிறார், காதலிக்கவும் செய்கிறார். நம்ம ஊர்க் கதையாக இருந்தால் அங்கேயே மாலை மாற்றிவிடுவார்கள். உயிரைக் காப்பாற்றியவரை வேண்டாமென்று சொல்ல ஒருத்திக்கு வாய் வருமா?

ஹாரியட்டுக்கு வருகிறது. காப்பாற்றியவர் என்பதாலேயே வேண்டாமென்கிறாள். நன்றிக்கடனில் தொடங்கும் உறவில் தான் எப்போதும் ஒரு படி கீழேதான் நிற்க வேண்டியிருக்கும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், அவள் மறுத்துக்கொண்டே இருக்கிறாள், நாவல்களில் வருஷங்கள் ஓடுகின்றன. ‘காடி நைட்’டில்தான் இருவரும் அந்தக் கடனைப் பற்றி வாய்விட்டுப் பேசுகிறார்கள். இஷிகாமியைப் படித்துவிட்டு இதைப் படித்தால் மூச்சு விடுவதுபோல இருக்கும். யாசுகோவுக்குக் கிடைக்காத உரையாடல் இது.

மர்மப் பகுதியில் கொலையே இல்லை. கல்லூரியில் யாரோ ஆபாசமான மொட்டைக் கடிதங்கள் போடுகிறார்கள், பொருள்களை நாசம் செய்கிறார்கள். படித்த பெண்களை வெறுக்கும் யாரோ. முடிவில் கண்டுபிடிக்கப்படுவது ஆனி, கல்லூரியில் வேலை செய்யும் பணிப்பெண். அவளுடைய கணவன் ஓர் ஆராய்ச்சியாளன். தன் முடிவுக்கு எதிராக இருந்த ஒரு பழைய கடிதத்தை அவன் மறைத்துவிட்டான். மிஸ் டி வைன் என்ற பேராசிரியை அதைக் கண்டுபிடித்து வெளியே சொன்னார். அவன் வேலை போயிற்று, கடைசியில் தற்கொலை செய்துகொண்டான். இரண்டு குழந்தைகளோடு ஆனி வேலைக்காரியானாள்.

ஆக, இந்த நாவலில் குற்றத்துக்குக் காரணம் காதல்தான். ஒரு துண்டுக் காகிதத்துக்காக என் புருஷனைக் கொன்றுவிட்டீர்களே என்ற ஆனியின் கேள்வியை சேயர்ஸ் முழுக் குரலில் பேசவிடுகிறார். ஓர் உண்மை பெரிதா, ஒரு குடும்பம் பெரிதா? நாவல் உண்மையின் பக்கம்தான் நிற்கிறது. ஆனால் அந்த உண்மைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப்போகவில்லை. தான் செய்தது சரி என்று உறுதியாக இருக்கும் மிஸ் டி வைனே, பிறகு அவன் என்ன ஆனான், அவன் குடும்பம் என்ன ஆயிற்று என்று நான் விசாரித்திருக்க வேண்டும் என்று வருந்துகிறார். அந்த இடத்தில் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடிவைத்தேன். கொத்தவரங்காய் ஆய்ந்தபடி அம்மா கேட்டதும் இதைத்தானே?

குறை இல்லாமல் இல்லை. குற்றவாளி பேராசிரியை யாரும் இல்லை, வேலைக்காரிதான் என்று தெரியும்போது கல்லூரியே பெருமூச்சு விடுவதுபோல எனக்குத் தோன்றியது. படித்த வர்க்கத்தின் நிம்மதி அது. ஆனியின் இரண்டு குழந்தைகளும் கதையிலிருந்து மெல்ல மறைந்துவிடுகிறார்கள். பீட்டரும் ஹாரியட்டும் ஆக்ஸ்ஃபோர்டின் இரவில் நடந்துபோகிறார்கள். பட்டமளிப்பு விழாவில் சம்மதம் கேட்கும் லத்தீன் சொல்லால் அவர் கேட்கிறார், அவள் ஒரே சொல்லில் சம்மதிக்கிறாள். எனக்கு அந்த இடம் மிகவும் பிடிக்கும். அவளை ‘மாஜிஸ்ட்ரா’ என்று, அவளுடைய படிப்பின் பெயரால் அழைத்துக் கேட்கிறார் என்பதற்காகவே பிடிக்கும். ஆனாலும் இப்போது அந்தக் குழந்தைகள் எங்கே தூங்குகிறார்கள் என்று கேட்காமல் அந்தப் பக்கத்தை என்னால் படிக்க முடிவதில்லை.

5

மர்மக் கதையில் பிணம் ஒரு காய் மட்டும்தான், அதற்குப் போய் இரக்கம் கேட்பது விளையாட்டைக் கெடுப்பது என்று ஒரு நண்பன் சொன்னான். பாதி ஒப்புக்கொள்கிறேன். முதல் பக்கத்தில் செத்துக் கிடக்கும் பணக்காரக் கிழவருக்காக நானும் அழுததில்லை. ஆனால் அந்த விளையாட்டுக்கே ஒரு அடிப்படை நேர்மை உண்டு. ஒருவர் செத்திருக்கிறார், எப்படி என்று கேட்காமல் விடமாட்டோம் என்பதுதான் துப்பறியும் கதையின் முதல் விதி. காதல் கதையின் விதி வேறு. இந்த இரண்டு பேரும் சேர வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். இரண்டும் ஒரே நாவலுக்குள் வரும்போது பெரும்பாலும் காதல் ஜெயித்துவிடுகிறது. கேள்வி கேட்க வந்த நாமே காதலர்களுக்கு உடந்தையாகிவிடுகிறோம்.

அதற்காக இவற்றைப் படிக்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். நான் நிறுத்தப் போவதும் இல்லை. மூன்றையும் படியுங்கள். முதலில் ‘ரெபெக்கா’, பிறகு ‘சஸ்பெக்ட் எக்ஸ்’. ‘காடி நைட்’டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் நூறு பக்கம் பேராசிரியைகளின் பெயர்களைப் பிரித்தறிவதிலேயே போகும். கைவிட்டுவிடாதீர்கள். ‘ஸ்ட்ராங் பாய்சன்’ முதலில் படித்துவிட்டுப் போனால் இன்னும் நன்றாக இருக்கும். அழுகை வந்தால் அழுங்கள், நானும்தான் அழுதேன்.

போன வாரம் அம்மாவுக்கு ‘ரெபெக்கா’ கதையைச் சொன்னேன். இந்தத் தடவை கரையொதுங்கிய பெண்ணைப் பற்றி நானே நடுவில் நிறுத்திச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு, அந்தப் பக்கத்து அறைப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்டாள். அவளைப் பற்றி எப்போதோ ஒருமுறைதான் சொல்லியிருப்பேன்.

எனக்குத் தெரியவில்லை. அவள் நம்பர் என்னிடம் இல்லை. அவள் போன பிறகு நாங்கள் யாரும் கேட்டு வாங்கவில்லை.